கருப்பசாமியின் வெள்ளை நாய்

ஆனி 5, வியாழன்

புளியங்கொல்லைக்கு வந்து சேர்ந்தாயிற்று. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர். மினி பஸ்காரன் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான், மகராசன். பெயிண்ட் டப்பாக்களையும் துணி மூட்டையையும் நானும் இசக்கியண்ணனும் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம். இசக்கியண்ணன் சுதை வேலைக் கொத்தனார். உடைந்த கை, கால், மூக்கு எல்லாம் ஒட்டவைப்பது அவர் வேலை. அதற்கு வர்ணம் கொடுப்பது என் வேலை.

வேட்டைக் கருப்பசாமி அரிவாளை ஓங்கிக்கொண்டு இரண்டாள் உயரத்துக்கு நிற்கிறார். அவர் காலடியில், அதே பீடத்தில், ஒரு நாய். இருபத்தேழாம் தேதி குடமுழுக்கு.

வேலை பேசும்போதே சொல்லிவிட்டேன், கண்ணை நான்தான் திறப்பேன் என்று. சிலைக்கு எல்லா வர்ணமும் கொடுத்து முடித்து, கடைசியாகக் கண்ணில் கருமணி வைப்பதுதான் கண் திறப்பு. அதை வைத்தவர் பேர்தான் ஊரில் நிற்கும். மற்றதெல்லாம் சுவருக்கு வெள்ளையடித்த கணக்கு. மூன்று வருஷமாக நான் சாமியை உச்சி முதல் பாதம் வரை எழுதி வைக்க, கடைசி நாளில் எவனோ குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து கருமணி வைத்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போகிறான். இந்தத் தடவை அது நடக்காது. கோயில் கமிட்டித் தலைவர் குருவையா, "அதுக்கென்னம்மா, எழுதுன கைதான திறக்கணும்" என்று வாய் நிறையச் சொல்லியிருக்கிறார்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் போட்டிருக்கிறேன். பெயிண்டருக்கு இதெல்லாம் வேண்டியதுதான்.

ஆனி 6, வெள்ளி

நாள் முழுக்கச் சுரண்டல். சாமியின் சக்தியைப் போன மாதமே கலசத்துக்கு இறக்கி வைத்துவிட்டார்கள், அதனால் சிலையைத் தொட்டுச் சுரண்டுவதில் தோஷம் இல்லை.

சாமி சுலபமாக உரிந்தார். நாய்தான் வேடிக்கை. மேலே சுண்ணாம்பு வெள்ளை, கறுப்பு மூக்கு, கழுத்தில் நீலப் பட்டை. அதைச் சுரண்டினால் கீழே செம்பழுப்பு நாய், நாக்கு முழ நீளம். அதையும் சுரண்டினால் மைக்கறுப்பு நாய், பைரவர் வாகனம் மாதிரி கோரைப் பல்லோடு. ஒவ்வொரு குடமுழுக்குக்கும் ஒவ்வொரு பெயிண்டர் வந்து அவனவன் ஊர் நாயை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். ஒருத்தனாவது இந்த ஊர் நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வயிறு வேறு பூசணிக்காய். இசக்கியண்ணன் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பொறவு வச்ச சிமெண்டு, மாரி. எவனோ நாய்க்குப் பசிக்குமேன்னு சோறு போட்டிருக்கான்" என்றார். உளி வைத்துத் தட்டினார். பாளம் பாளமாக உதிர்ந்து, உள்ளேயிருந்து ஒடுங்கின வயிறும் இறங்கின மாரும் வெளியே வந்தன. முதலில் சிலை செய்தவன் கண்ணால் பார்த்துச் செய்திருக்கிறான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் காலண்டரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

குருவையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பெயிண்டர்கள் வந்தார்களாம். வலது கண்ணை அண்ணன் திறந்தானாம், இடது கண்ணைத் தம்பி. "அந்த வருசமே ஊரு ரெண்டாப் போச்சும்மா. ரெண்டு பொங்கலு, ரெண்டு கோயில் கொடை. அதுலருந்து இங்க ஒரே சட்டம். ஒரு பீடம், ஒரு கை. கண்ணு தெறக்க ரெண்டாவது கை பட்டா சாமிக்கு ரெண்டு பார்வை ஆயிரும்" என்றார். அந்த ஒரு கை என் கைதானே என்று தலையாட்டினேன்.

ஆனி 8, ஞாயிறு

குருவையா நாய் வளர்க்கிறவர். அவர் வீட்டு ராஜபாளையம் நாய்க்குச் சென்னையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்களாம். இன்று பார்த்து எழுதுவதற்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். பேர் அல்லி. மனுஷர் அதன் பக்கத்தில் குத்தவைத்து, பெண் பார்க்க வந்த வீட்டில் மகளைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"உடம்பு பால் வெள்ளை. காது பாதி மடிஞ்சு தொங்கணும், குத்தி நிக்கக் கூடாது. கண்ணு மஞ்சள்ல பொன்னு ஓடும். மூக்கு ரோஸு, உதடு ரோஸு, கண்ணிமை ஓரம் ரோஸு. எங்கயாவது ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துச்சுன்னா கழிவும்மா. இந்த ஈத்துல ஒரு குட்டிக்கு மூக்குல கடுகளவு பொட்டு. ஒருத்தரும் சீந்தல."

"அதுக்குக் கண்ணு தெரியும்ல? காது கேக்கும்ல?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொட்டு இருக்குல்லா" என்றார்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அல்லி ஒரு இடத்தில் நின்றால்தானே. வாலை வரைந்தால் தலை திரும்பிவிடுகிறது, தலையை வரைந்தால் நாயே இல்லை. சாமி சிலையின் நாயை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதன் மேல் உரசி முதுகைச் சொறிந்துகொண்டது.

மத்தியானம் குருவையா வீட்டம்மா தங்கப்பழம் டீ கொண்டுவந்தார். மாஸ்க்கைக் கழற்றிக் குடித்தேன், கையுறையையும் கழற்றினேன். தங்கப்பழம் என்னைப் பார்த்தார். பிறகு வேப்ப மரத்தைப் பார்த்தார். டம்ளரைத் திருப்பி வாங்கும்போது முந்தானையால் பிடித்து வாங்கினார், சூடு என்று நினைக்கிறேன்.

ஆனி 9, திங்கள்

டீ எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. இசக்கியண்ணனுக்கு வழக்கம்போல எவர்சில்வர் டம்ளர். டீ நன்றாகத்தான் இருந்தது.

ஆனி 10, செவ்வாய்

என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போன் செய்தார். கையுறையைக் கழற்றாதே, மாஸ்க்கைக் கழற்றாதே, யார் கண்ணிலும் படாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிடு என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். போன வருஷம் அவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கும் நல்லதுக்குத்தான் என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்.

எனக்கு வெண்புள்ளி. முதலில் விரல் நுனியில் வந்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு உதட்டைச் சுற்றி. வலிக்காது, ஒட்டாது, யாருக்கும் பரவாது. டாக்டர் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் ஊர் ஊராக வந்து சொல்ல முடியாதே.

துணி காயப்போட்ட கொடி அறுந்து சட்டை எல்லாம் மண். மறுபடி துவைத்தேன்.

ஆனி 12, வியாழன்

சாமியின் உடம்பு முடிந்தது, அண்ணன் இன்னும் ஒட்ட வேண்டிய இடது கை தவிர. கருநீல வர்ணம் இரண்டு தடவை பூசினேன். மீசை நன்றாக வந்திருக்கிறது, சொல்லக்கூடாது, ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது. கண்ணில் வெள்ளை மட்டும் நிரப்பி மஞ்சள் துணியால் கட்டியாயிற்று.

நாயின் மூக்குதான் உயிரை எடுக்கிறது. கடையில் வாங்கிய ரோஸை அடித்தேன். குருவையா வந்து பார்த்தார். "இது பலூன் கலரும்மா" என்றார். வெள்ளை கூட்டினேன். "இது பல்பொடி." காவி கூட்டினேன். "இது செங்கல்."

அவர் போனபிறகு இசக்கியண்ணன், "மூக்கு சின்னது, அவரு மூக்கைத்தான் பெருசா நீட்டுதாரு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

ஆனி 15, ஞாயிறு

நாலு நாளாக மூக்கு. அடிப்பதும் துடைப்பதுமாகப் பாதி டப்பா டர்பன்டைன் போய்விட்டது. அல்லியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தால், வெயிலில் ஒரு கலர், நிழலில் ஒரு கலர், நக்கிக்கொண்டால் ஒரு கலர். அது கல்லு மாதிரி ஒரே நிறமாக இல்லை. உள்ளே ரத்தம் ஓடுகிற நிறம். மற்ற பெயிண்டர்கள் ஏன் கறுப்பை அடித்துவிட்டு ஓடினார்கள் என்று இப்போது புரிகிறது.

கையுறை கிழிந்த விரலை அல்லி நக்கிவிட்டது. அந்த விரலையே, வெள்ளையாக இருக்கிற இடத்தையே, திரும்பத் திரும்ப நக்கியது. எழுந்து போய்க் கழுவினேன். கொஞ்சம் கழித்துத்தான் போய்க் கழுவினேன்.

ஆனி 16, திங்கள்

கண் எழுதும்போது சரிபார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பேன். அதை எடுத்துத் துடைத்தேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கலர் கிடைத்தது. வெள்ளை, காவி, துளி மஞ்சள், ஊசிமுனை அளவு பச்சை.

ஆனி 17, செவ்வாய்

குருவையா மூக்கைப் பார்க்க வந்தார். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். அல்லியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுஷர் கண் கலங்கிவிட்டது.

"எங்க அப்பா காலத்துலருந்து ஒருத்தனும் இந்தக் கலரப் புடிச்சதில்லம்மா. போட்டோவுல கூட வராது. நீங்க எங்கருந்து புடிச்சீங்க?"

"பாத்துத்தான்" என்றேன்.

"இந்த மூக்குதாம்மா லட்சணம். இதப் பாத்துட்டா வேற எந்த நாயையும் பாக்கத் தோணாது" என்றார். ஊர்க்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். நாலைந்து பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தர் மூக்கைத் தொட்டுப் பார்க்க, விரலில் ஒட்டிக்கொண்டது, இன்னும் காயவில்லை. மறுபடி ஒரு தடவை பூசினேன். கோபமே வரவில்லை.

ஆனி 19, வியாழன்

குருவையா வந்தார். தனியாக வரவில்லை, கமிட்டியில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தனியாகச் சொல்லக் கூசுகிற சேதிக்குத்தான் துணைக்கு ஆள் வரும்.

"வேலை பிரமாதம்மா. அதுல ஒரு கொறையும் இல்ல. கண்ணு தெறப்புக்கு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து ராஜபாண்டின்னு ஒரு பெயிண்டர வரச் சொல்லிருக்கோம்."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஊருல சொல்லுதாங்க."

"ஊருன்னா யாரு? பேரச் சொல்லுங்க, போய்க் கேக்கேன்."

கூட வந்தவர் ஒருத்தர் காலால் மண்ணைக் கீறிக்கொண்டே, "சாமி முகத்துக்கு நேரா வார கை சுத்தமா இருக்கணும்லா" என்றார்.

கையுறையை இன்னும் மேலே இழுத்து விட்டுக்கொண்டேன். கழற்றிக் காட்டியிருக்க வேண்டும்.

ஆனி 20, வெள்ளி

வேலை செய்யவில்லை. பிரஷ் எல்லாம் கழுவினேன்.

ஆனி 21, சனி

இசக்கியண்ணன் காலையில், "மூட்டையக் கட்டிருவோமா, தங்கச்சி? எனக்கு ஒரு கை மட்டும் பாக்கி, அது கெடந்துட்டுப் போகுது" என்றார். கருப்பசாமிக்கு ஒரு கை ஒட்டாமல் ஊரை விட்டுப் போகிற கொத்தனாரை நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மாஸ்க்கையும் மாட்டினேன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக் கொண்டேன். காற்று பட்டது. எத்தனை நாளாயிற்று.

கமிட்டிக்காரர்கள் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். நேராகப் போய்க் குருவையாவின் கையைப் பிடித்து எழுப்பி, நாயின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். தங்கப்பழமும் டீத்தட்டோடு வந்து நின்றார். என் கையை நாயின் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு என் முகத்தை வைத்தேன்.

"எங்கருந்து புடிச்சீங்கன்னு கேட்டீங்கள்ல? இங்கருந்துதான் புடிச்சேன். என் உதட்டப் பாத்துக் கலந்த கலரு இது. நல்லாப் பாத்துக்கோங்க, வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க."

மூக்கையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வித்தியாசம் இருந்தால்தானே சொல்வதற்கு.

"நாய்க்கு இருந்தா லட்சணம். எனக்கு இருந்தாச் சுத்தமில்ல. அந்தக் குட்டி மூக்குல கடுகளவு கறுப்பு விழுந்தாக் கழிவு, என் கையில வெள்ளை விழுந்தா நான் கழிவு. உங்களுக்கு எந்தக் கலருதான்யா வேணும்?"

நாயின் மூக்குக்குப் பக்கத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டேன்.

குருவையா தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷருக்குத் தலையைக் குனியத்தான் தெரிகிறது, தலையை நிமிர்த்தி நாலு பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. மண்ணைக் கீறியவர்தான் பேசினார்: "நாயி வேற, சாமி வேற. ராஜபாண்டி இருபத்தஞ்சுக்கு வாராரு. சாமி கண்ண அவரு பாத்துக்கிடுவாரு."

கடைசியில் குருவையா என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாய மட்டும் நீங்க முழுசா முடிச்சுக் குடுத்திட்டுப் போங்கம்மா. அது வேற யாருக்கும் வராது. ஒரு கொற இருக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி 22, ஞாயிறு

நாயின் உடம்பு, கழுத்துத் தொங்கல், காது மடிப்பு. வெள்ளையிலும் நிழல் பக்கம் துளி நீலம் சேர்த்தேன், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

சாப்பிடும்போது இசக்கியண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, முழுசா முடிக்கணும்னா என்ன அர்த்தம்?"

"முழுசான்னா முழுசுதான். தலைலருந்து வால் வரைக்கும்."

"ஒரு கொற இருக்கக் கூடாதுன்னாரே."

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். பிறகு மேலே, துணி கட்டின சாமியைப் பார்த்தார். "அடியே" என்றார். மறுபடி பிசைய ஆரம்பித்தார். இன்றைக்கு ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

ஆனி 23, திங்கள்

இவர் போன். எடுக்கவில்லை. அண்ணன் சாமிக்கு ஒட்டின கைக்கு வர்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன், என் கையெல்லாம் பெயிண்ட்.

ஆனி 24, செவ்வாய்

காலையில் தலை குளித்தேன். நல்ல சேலை உடுத்திக்கொண்டேன். பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒளிந்து செய்ய இதில் ஒன்றுமில்லை. செய்யச் சொன்ன வேலையைச் செய்கிறேன்.

மஞ்சளில் துளி காவி கலந்து பொன் நிறம். இமை ஓரத்துக்கு அந்த ரோஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கருமணி வைத்தேன். பிறகு இடது. மூன்று வருஷத்துக்குப் பிறகு வைக்கிறேன், ஒரு மயிரிழை விலகவில்லை.

அல்லி வழக்கம்போல முதுகு சொறிய வந்தது. பாதி வழியில் நின்றது. காதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு உறுமியது. பிறகு குரைத்தது பாருங்கள், ஊரே கூடிவிட்டது. இத்தனை நாளாகக் கல் என்று நினைத்து உரசியதை இன்றைக்கு அந்நிய நாய் என்று நினைத்துவிட்டது. குருவையா ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவரும் சிலையைப் பார்த்தார். முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, சாமியின் கண்ணில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க" என்றார்.

"முழுசா முடிச்சிட்டேன்" என்றேன்.

ஆனி 25, புதன்

ராஜபாண்டி வந்தார். ஒல்லியான ஆள், வாயில் வெற்றிலை. கமிட்டி மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டு பீடத்துக்கு அழைத்து வந்தது. அவர் சாமியை நிமிர்ந்து பார்க்குமுன் நாய் அவரைப் பார்த்துவிட்டது. வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இது யாரு வச்சது?"

"நான்தான்."

"ஊருச் சட்டம் ஒரு பீடம், ஒரு கைன்னு போன்ல சொன்னீங்கள்ல, தலைவரே?"

"அது சாமிக்குச் சொன்னது" என்றார் மண்ணைக் கீறியவர்.

"பீடத்துக்குன்னுதான் சொன்னீங்க. நாயி என்ன தரையிலயா நிக்குது?" என்றார் ராஜபாண்டி. "இந்தம்மா கை பட்ட பீடத்துல ரெண்டாவது கையா நான் வச்சு, நாளைக்கு ஊரு ரெண்டாப் போச்சுன்னா என் வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்க. எனக்கு வேண்டாம் சாமி."

நாயின் கண்ணைச் சுரண்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் சுரண்டுகிற கத்தியை எடுத்து நீட்டினேன். "வாங்க. தெறந்த கண்ணுல கத்திய வைக்கிறவங்க முன்னால வாங்க." கத்தி என் கையிலேயே இருந்தது. பூசாரி ஒரு மூலையில் நின்று, திறந்த கண்ணில் உயிர் ஏறியாயிற்று, சுரண்டுவதென்றால் அதை மறுபடி கலசத்துக்கு இறக்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும், ஆவணிக்குத்தான் முகூர்த்தம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பத்திரிகை அடித்தாயிற்று. மேளம் பேசியாயிற்று. சமையல்காரர் அடுப்பு வெட்டிவிட்டார்.

பேச்சு பேச்சாக நீண்டது. தங்கப்பழம்தான் முடித்துவைத்தார். வாசலில் நின்று, புருஷனைப் பார்த்து, சத்தமே போடாமல் சொன்னார்: "தெனமும் காலையில எந்திரிச்சதும் அல்லி மூக்குக்குத்தான முத்தங் குடுக்கீங்க. பெறகு என்ன."

குருவையா முகம் அந்த மூக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. காலடியில் நின்ற அல்லியின் தலையைத் தடவினார். பிறகு இந்தத் தடவை தலையை நிமிர்த்தினார், நாலு பேருக்கு முன்னால்.

"நாந்தான் வாக்குக் குடுத்தேன். எழுதுன கைதான் தெறக்கும். ஊரு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

மண்ணைக் கீறியவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். ராஜபாண்டி போகும்போது நாயின் பக்கத்தில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கலர் எப்படி என்று கேட்டார். என் உதட்டைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "அந்தக் கலர எனக்குக் கலக்க முடியாதே, தாயி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

சாயங்காலம் டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. கை சுட்டது. ஒரு விதத்தில் பேப்பர் கப்பே தேவலை.

ஆனி 26, வியாழன்

விடிகிற நேரத்தில் கண் திறப்பு. சாமிக்கு முன்னால் திரை. திரைக்கு வெளியே கன்றோடு பசு, பாவாடை கட்டின ஏழு சின்னப் பிள்ளைகள், நெல் குவியல், பெரிய கண்ணாடி. திறந்த கண்ணின் முதல் பார்வை உக்கிரமானது, அதை மனுஷர் தாங்க முடியாது என்பார்கள். அதனால் முதலில் பசு மேலும் பிள்ளைகள் மேலும் நெல் மேலும் விழவிட வேண்டும். கருமணி வைத்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிவிட வேண்டும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், அப்படித்தான் இறங்கியிருக்கிறேன்.

சாரத்தில் ஏறினேன். கையுறை இல்லை, மாஸ்க் இல்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தேன். இசக்கியண்ணன் கீழே சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கண். இடது கண். பிரஷை எடுத்துவிட்டேன்.

"வெலகுங்கம்மா" என்று திரைக்கு வெளியேயிருந்து குருவையாவின் குரல் கேட்டது. "தெரைய எடுக்கப் போறோம். சீக்கிரம் வெலகுங்க."

நான் விலகவில்லை.

மூன்று வருஷமாக என் முகத்தைப் பார்த்துவிட்டு வேப்ப மரத்தைப் பார்க்கிறவர்களை, தரையைப் பார்க்கிறவர்களை, போனில் மட்டும் பேசுகிறவரைப் பார்த்தாயிற்று. ஒருத்தராவது நேராகப் பார்க்கட்டும் என்று தோன்றியது. உக்கிரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. முகத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். உதட்டைக் கூட மூடிக்கொள்ளவில்லை. என் கையால் வைத்த கண் என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பார், நல்லாப் பார் என்று வாய்விட்டே சொன்னேன்.

திரை விலகியது. குலவைச் சத்தம் கிளம்பிப் பாதியில் நின்றது, நான் இன்னும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கீழே இசக்கியண்ணன், "எறங்கு தாயி, பசு காத்துக்கிட்டிருக்கு" என்றார். பசு ஒன்றும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. நான் மெதுவாக, சாமிக்கு முதுகைக் காட்டாமல் இறங்கினேன். அதற்குப் பிறகுதான் குலவை முழுசாக எழுந்தது.

நாள் முழுக்க எல்லாரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எப்போது விழுவேன் என்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி பந்தியில், மற்றவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.